சிஸ்பிளாட்டினை எதில் கரைத்தீர்கள்?

தமிழ்நாட்டில் வேதியியல் முனைவர் பட்ட ஆய்வுக்கு நெறியாளர்களாகவும், ஆய்வுக்குழு உறுப்பினர்களாகவும், புறத்தேர்வாளர்களாகவும் இருக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். என் வைவா முடிந்து மூன்று மாதம் ஆகிறது. பட்டம் கைக்கு வந்துவிட்டது. இந்த மடலை இரண்டு வருடம் முன்பே எழுதியிருக்க வேண்டும், அப்போது பயம். இப்போதும் கொஞ்சம் இருக்கிறது, அதனால்தான் கல்லூரி, ஊர் எதையும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. நான் எழுதப்போவது ஒரு கல்லூரியின் கதையாக இருந்தால் பொது மடல் எதற்கு?

என் தீசிஸின் நான்காம் அத்தியாயத்தில் ஒரு வரைபடம் உண்டு. இடமிருந்து வலமாக ஆறு தூண்கள், நான் தயாரித்த ஆறு தாமிர அணைவுச் சேர்மங்கள். ஏழாவது தூண் சிஸ்பிளாட்டின், ஒப்பீட்டுக்கு வைத்த புற்றுநோய் மருந்து. தூணின் உயரம் ஐசி50 மதிப்பு, அதாவது வளரும் உயிரணுக்களைப் பாதியாகக் குறைக்கத் தேவைப்படும் செறிவு. குட்டையாக இருந்தால் வீரியம் அதிகம். என் மூன்றாம் சேர்மத்தின் தூண் சிஸ்பிளாட்டினைவிடக் குட்டை. அதைப் பார்த்த அன்று எங்கள் லேபில் எல்லாருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன். "உலகமே பயன்படுத்தும் புற்றுநோய் மருந்தைவிட நம்ம காம்பவுண்ட் பெட்டர்" என்று அம்மாவிடம் போனில் சொன்னேன். அம்மா தெருவுக்கே சொல்லிவிட்டார்.

அந்த ஏழாவது தூண் தவறு. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

இந்த வகை ஆய்வு எப்படி நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியிலிருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். சாலிசிலால்டிஹைடையும் ஒரு அமீனையும் எத்தனாலில் போட்டு ரிஃப்ளக்ஸ் செய்தால் மஞ்சளாக ஒரு ஷிஃப் காரம் கிடைக்கும். ஹியூகோ ஷிஃப் 1864-இல் சொன்ன வினை. அதை ஈனியாக, அதாவது உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறாக வைத்துத் தாமிரம், நிக்கல், துத்தநாகம் என்று உலோக உப்புகளைச் சேர்த்தால் அணைவுச் சேர்மங்கள் தயார். நிறமாலை எல்லாம் எடுத்து அமைப்பை உறுதி செய்ய ஒன்றிரண்டு வருடம் போகும். ஒற்றைப் படிகம் கிடைத்துவிட்டால் கொண்டாட்டம். இந்த இடம்வரை வேலை செய்தது நான்தான், என் கைதான். ஒரு பீக் இடம் மாறியிருந்தால் ஏன் என்று என்னால் சொல்ல முடியும்.

அப்புறம் "பயோ" வரும். "வெறும் சிந்தசிஸ் மட்டும் வச்சா எந்த ஜர்னல்ல எடுப்பான்? ஆன்டிகேன்சர் ஒண்ணு போட்டுடும்மா" என்பார்கள். எங்கள் துறையில் உயிரணு வளர்ப்புக் கூடம் கிடையாது. எனவே சேர்மத்தை ஐந்து மில்லிகிராம் குப்பியில் போட்டு, பாரஃபில்ம் சுற்றி, ஒரு தனியார் ஆய்வகத்துக்குக் கூரியரில் அனுப்புவோம். சேர்மத்துக்கு இவ்வளவு, உயிரணு வகைக்கு இவ்வளவு என்று கணக்கு. மாலையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுத்த பணத்தில்தான் நான் கட்டினேன். மூன்று வாரத்தில் மின்னஞ்சலில் ஒரு பிடிஎஃப் வரும். அட்டவணை, வரைபடம், உயிரணுக்களின் படம், "மெட்டீரியல்ஸ் அண்ட் மெத்தட்ஸ்" என்று ஒரு பத்தி. அந்தப் பத்தி வார்த்தை மாறாமல் தீசிஸுக்குள் போகும். என் சீனியரின் தீசிஸிலும் அதே பத்தி. அவருடைய சீனியரின் தீசிஸிலும் அதே பத்தி, அதே எழுத்துப்பிழையோடு.

நான்காம் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது 2014-இல் கேன்சர் ரிசர்ச் இதழில் வந்த ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. சிஸ்பிளாட்டினை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்தால் அது வீரியம் இழந்துவிடும் என்று சொல்லும் கட்டுரை. படித்ததும் என் பிடிஎஃப்பைத் திறந்தேன். அதில் சிஸ்பிளாட்டினை எதில் கரைத்தார்கள் என்றே எழுதவில்லை. திங்கள்கிழமை போன் செய்து கேட்டேன். "உங்க காம்பவுண்ட் தண்ணியில கரையல மேடம், டிஎம்எஸ்ஓலதான் கரைஞ்சது. அதனால சிஸ்பிளாட்டினையும் அதுலயே கரைச்சோம். எல்லாருக்கும் அப்படித்தான் பண்றோம்" என்றார் அந்தப் பையன். அவர் மீது எனக்குக் கோபமில்லை. இரண்டையும் ஒரே கரைப்பானில் வைப்பதுதான் நியாயமான ஒப்பீடு என்று அவர் நினைத்திருக்கிறார்.

கோபம் என் மேல்தான். சிஸ்பிளாட்டினில் ஒரு பிளாட்டினம், இரண்டு அம்மோனியா, இரண்டு குளோரைடு. ரத்தத்தில் குளோரைடு நிறைய இருப்பதால் அது பெரும்பாலும் கலையாமல் சுற்றுகிறது. உயிரணுவுக்குள் குளோரைடு குறைவு; அங்கே குளோரைடு கழன்று நீர் ஒட்டுகிறது, அந்த நீரும் விலகி டிஎன்ஏவின் குவானினில் பிளாட்டினம் போய்ப் பிடித்துக்கொள்கிறது. மருத்துவமனையில் அதை உப்புநீரில் கலந்து ஏற்றுவதும் இதற்காகத்தான். டிஎம்எஸ்ஓவில் கந்தகம் இருக்கிறது. அது குளோரைடைத் தள்ளிவிட்டுப் பிளாட்டினத்தில் உட்கார்ந்துகொள்கிறது. தட்டில் இருக்கும் உயிரணுக்களுக்குப் போய்ச் சேர்வது அப்போது சிஸ்பிளாட்டினே இல்லை.

இது எனக்குத் தெரியாத வேதியியலா? பியர்சன் 1963-இல் சொன்ன வன்மை, மென்மை அமிலக் காரக் கொள்கையை எம்எஸ்சியில் படித்தேன். பிளாட்டினம் மென்மையானது, கந்தகமும் மென்மையானது, இரண்டும் ஒட்டும் என்று பத்து மதிப்பெண் கேள்விக்கு விடை எழுதியிருக்கிறேன். டியூஷனில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அணைவுச் சேர்மங்கள் பாடம் நடத்திவிட்டு வந்து, இரவில் அந்த வரைபடத்துக்கு விளக்கம் எழுதியிருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்திருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் "பயோ", அது நம் வேலை இல்லை.

என் நெறியாளரிடம் சொன்னேன். நல்ல மனிதர் அவர். என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கேட்காமலே பணம் கொடுத்தவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பேப்பர் வந்துருச்சேம்மா. இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது? சினாப்சிஸ் கொடுக்கணும்ல" என்றார். நானும் சரி என்று வந்துவிட்டேன். தீசிஸில் "சிஸ்பிளாட்டினைவிடச் சிறந்தது" என்ற வரியை மட்டும் எடுத்தேன். வரைபடத்தை எடுக்கவில்லை. ஏழாவது தூணின் கீழே சின்ன எழுத்தில், "டிஎம்எஸ்ஓவில் கரைக்கப்பட்டது, ஒப்பீட்டுக்கு உகந்ததன்று" என்று ஒரு குறிப்பு போட்டேன். புறத்தேர்வாளர்கள் யாராவது பார்த்துக் கேட்பார்கள், கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று ஒரு ஆசை.

யாரும் கேட்கவில்லை. வைவாவில் ஒரு பெரியவர் அதே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "வெரி குட், இது எப்போ மருந்தா வரும்?" என்றார். இன்னொருவர் பக்க எண்கள் சரியாக விழவில்லை என்று சொன்னார். கைதட்டினார்கள். டீயும் சமோசாவும் நான்தான் ஏற்பாடு செய்திருந்தேன்.

ஐயா, அம்மா, இந்தச் சிஸ்பிளாட்டின் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பது உங்களில் பலர் வகுப்பில் சொல்லும் கதை. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க் என்ற இயற்பியலாளர், மின்புலம் பாக்டீரியாவை என்ன செய்யும் என்று பார்க்க ஈ.கோலியை வளர்த்து அதில் பிளாட்டினம் மின்வாய்களை வைத்தார். பாக்டீரியாக்கள் பிளவுபடுவதை நிறுத்திவிட்டு, வழக்கமான நீளத்தைப்போல முந்நூறு மடங்குவரை இழைஇழையாக நீண்டன. "மின்புலம் பாக்டீரியாப் பிளவைத் தடுக்கிறது" என்று அன்றே ஒரு கட்டுரை எழுதியிருக்கலாம். அவருடைய குழு எழுதவில்லை. உண்மையிலேயே காரணம் மின்சாரம்தானா என்று ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார்கள். மின்வாயிலிருந்து கொஞ்சம் பிளாட்டினம் கரைந்து, வளர்ப்பூடகத்தில் இருந்த அம்மோனியம் குளோரைடோடு சேர்ந்து உண்டான சேர்மங்கள்தான் காரணம் என்று தெரிந்தது. 1965-இல் நேச்சர் இதழில் அது வந்தது. 1978-இல் அமெரிக்காவில் சிஸ்பிளாட்டின் மருந்தாக ஒப்புதல் பெற்றது. கன்ட்ரோலைச் சந்தேகப்பட்டதால் கிடைத்த மருந்து அது. அதையே நாங்கள் சந்தேகப்படாமல் கன்ட்ரோலாக, அதாவது ஒப்பிட்டுப் பார்க்கும் பொருளாக வைத்திருக்கிறோம்.

சிஸ்பிளாட்டினோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. என் சேர்மம் புற்றுநோய் உயிரணுவைத்தான் கொல்கிறது, நல்ல உயிரணுவை விட்டுவிடுகிறது என்று காட்ட "இயல்பான கல்லீரல் உயிரணு" என்று சாங் லிவர் வகையில் ஒரு சோதனை செய்திருந்தேன். டிஎம்எஸ்ஓ விஷயத்தில் அடி வாங்கிய பிறகு இதையும் தேடினேன். சாங் லிவர் கல்லீரல் உயிரணுவே கிடையாதாம். அது ஹீலா. 1951-இல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பை வாய்ப் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்து வளர்த்த உயிரணு. வேகமாக வளரக்கூடியது, ஒரு துளி தெறித்தால் போதும், பக்கத்துக் குடுவையையும் பிடித்துக்கொள்ளும். வெவ்வேறு பெயரில் ஆய்வகங்களில் இருந்த பல உயிரணு வகைகள் உண்மையில் ஹீலாதான் என்று ஸ்டான்லி கார்ட்லர் 1966-லேயே மாநாட்டில் சொல்லிவிட்டார். வாய்ப்புற்று உயிரணு என்று நம் பக்கத்துத் தீசிஸ்களில் வரும் கேபியும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆக, நான் புற்றுநோய் உயிரணுவையும் "இயல்பான" உயிரணுவையும் ஒப்பிட்டதாக எழுதியது, ஒரு புற்றுநோய் உயிரணுவை இன்னொரு புற்றுநோய் உயிரணுவோடு ஒப்பிட்டதுதான். உயிரணுவின் அடையாளத்தை உறுதிசெய்ய எஸ்டிஆர் என்ற டிஎன்ஏ சோதனை இருக்கிறது. புனேயில் தேசிய உயிரணு அறிவியல் மையத்தில் உயிரணு வங்கி இருக்கிறது. எனக்கு வந்த பிடிஎஃப்பில் உயிரணு எங்கே வாங்கியது, எப்போது வாங்கியது, எத்தனை முறை பிரித்து வளர்த்தது, எதுவும் இல்லை. நானும் கேட்கவில்லை, குழுவும் கேட்கவில்லை.

அந்தத் தூண்களுக்கு எண் தந்த எம்டிடி சோதனையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உயிருள்ள உயிரணு மஞ்சள் நிற எம்டிடியை ஊதா நிற ஃபார்மசானாக மாற்றும், ஊதாவின் அடர்த்தியை 570 நானோமீட்டர் வாக்கில் அளந்தால் எத்தனை பிழைத்திருக்கின்றன என்று தெரியும். உயிரணுவே இல்லாத குழியில் சேர்மத்தையும் எம்டிடியையும் மட்டும் போட்டுப் பார்த்தீர்களா என்று எந்த வைவாவிலாவது கேட்டு நான் பார்த்ததில்லை. தாவரச் சாறுகளில் இருக்கும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிகள் உயிரணுவின் உதவி இல்லாமலே எம்டிடியை ஊதாவாக்கிவிடும். சேர்மத்துக்கே நிறம் இருந்தால் அதுவும் அளவீட்டில் ஏறும். தாமிரச் சேர்மம் என்றால் வெறும் தாமிர உப்பையும், வெறும் ஈனியையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும், ஏனென்றால் தாமிர அயனிக்கே உயிரணுவைக் கொல்லும் குணம் உண்டு. என் ஆறு சேர்மங்களுக்கு இந்தச் சோதனைகள் செய்யப்படவில்லை. காசு இல்லை என்பது பாதிக் காரணம். செய்ய வேண்டும் என்று தெரியாதது மீதி.

(மஞ்சளில் இருக்கும் குர்குமினைத் தொடாத வேதியியல் துறை நம் பக்கத்தில் குறைவு. அது நிலையற்றது, சோதனைகளில் போலியான நல்ல முடிவுகளைக் காட்டிக்கொண்டே இருக்கும், நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்தும் யாருக்கு மருந்து, யாருக்குப் போலி மருந்து என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாத இருபக்க மறைவு முறையில் வென்றது ஒன்றுகூட இல்லை என்று 2017-இல் ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரியில் ஒரு நீண்ட கட்டுரை வந்தது. இதை எங்கள் அம்மாயியிடம் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. ஆனால் டாக்டரல் கமிட்டியில் யாராவது சொல்லலாம்.)

சேர்மம் டிஎன்ஏவிலோ புரதத்திலோ எங்கே ஒட்டும் என்று கணினியில் பார்க்கும் டாக்கிங்கை விட்டுவிடுகிறேன். 1981-இல் வந்த 1பிஎன்ஏ என்ற பன்னிரண்டு படி டிஎன்ஏ துண்டில் தமிழ்நாட்டின் எத்தனை சேர்மங்கள் போய் உட்கார்ந்திருக்கின்றன என்று யாராவது கணக்கெடுத்தால் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

இதெல்லாம் ஏன் நடக்கிறது என்று உங்களுக்கும் தெரியும். முனைவர் பட்டத்துக்கு ஆய்வுக் கட்டுரை கட்டாயம் என்ற விதியைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வந்த புதிய ஒழுங்குமுறையில் எடுத்துவிட்டது. ஆனால் தங்கள் சொந்த விதியாக அதை வைத்துக்கொள்ளப் பல்கலைக்கழகங்களுக்குத் தடை இல்லை. என் பதிவின்போது இரண்டு கட்டுரை கேட்டார்கள். இரண்டு கட்டுரை வேண்டும் என்றால் சீக்கிரம் வர வேண்டும், சீக்கிரம் வர வேண்டும் என்றால் "ஆன்டிகேன்சர்" என்ற வார்த்தை தலைப்பில் வேண்டும். ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வாங்குபவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள், மகிழ்ச்சி. ஆனால் மத்திய அரசின் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆரின் உதவித்தொகை பெறும் ஆய்வாளருக்குச் செலவுக்கென்று தனியாகக் கிடைப்பது வருடத்துக்கு 20,000 ரூபாய். ஒரு நல்ல சீரம் பாட்டிலும் கொஞ்சம் டியூட்டரேட்டட் கரைப்பானும் வாங்கினால் தீர்ந்துவிடும். அதுவும் இல்லாத என்னைப் போன்றவர்கள் கூடுதலாக ஒரு கன்ட்ரோலுக்குப் பணம் கட்டுவதா, ஹாஸ்டல் மெஸ்ஸுக்குக் கட்டுவதா?

பணத்தை உங்களால் தர முடியாது, அது எனக்குப் புரிகிறது. உங்கள் கையில் இருப்பதை மட்டும் கேட்கிறேன்.

அதே 2022 ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வாளர் உங்கள் முன் வந்து நிற்கிறார். பவர்பாயிண்ட் ஓடும், நீங்கள் டீ குடிப்பீர்கள், கையெழுத்துப் போடுவீர்கள். அந்த அரைமணி நேரத்தில், பயோ ஸ்லைடு வரும்போது நிறுத்தி, கன்ட்ரோலை எதில் கரைத்தீர்கள் என்று கேளுங்கள். உயிரணு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். வரைபடத்தை ஓரமாக வைத்துவிட்டு, தட்டு அளவீட்டுக் கருவி துப்பிய மூல எண்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரே ஒரு தடவை கேட்டால் போதும், அடுத்த மாணவி கூரியர் அனுப்பும் முன்பே அந்தக் கேள்வியை ஆய்வகத்திடம் கேட்டுவிடுவாள். எனக்கு இரண்டாம் வருடத்தில் ஒருவர் கேட்டிருந்தால் நான்காம் அத்தியாயம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

வேறு துறையிலிருந்து இணை நெறியாளர் வைத்துக்கொள்ள விதியில் இடம் இருக்கிறது. எங்கள் கல்லூரியிலேயே அடுத்த கட்டடத்தில் விலங்கியல் துறை. அங்கே உயிரணு வளர்ப்பில் பட்டம் வாங்கிய ஒரு மேடம் இருந்தார். ஆறு வருடத்தில் அவரிடம் ஒரு தடவைகூட நான் அனுப்பப்படவில்லை. கல்லூரி ஆண்டு விழாவில்தான் பேசிக்கொண்டோம். கட்டுரையில் பெயர் யாருக்கு முன்னால், யாருக்குப் பின்னால் என்ற பிரச்சினை வரும் என்று பயந்தார்கள் என்று பின்னால் தெரிந்தது. அதையெல்லாம் பெரியவர்கள் நீங்கள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். பயோ தெரிந்தவர் கிடைக்கவே இல்லையா, பயோ அத்தியாயமே வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒழுங்காகச் செய்த ஒரு தொகுப்பு வேதியியல் தீசிஸுக்கு என்ன குறை?

கடைசியாக, வேலை செய்யாததை எழுத விடுங்கள். என் மற்ற ஐந்து சேர்மங்களில் இரண்டு எந்த உயிரணுவையும் தொடவில்லை. "இதை அட்டவணையில் போட வேண்டாம், இமேஜ் கெட்டுடும்" என்று சொல்லி, வேறு உயிரணு வகையில் திரும்பச் சோதித்து எப்படியோ ஒரு எண் வாங்கினோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் தன் குழுவினரான ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரோடு 1963-இல் வெளியிட்ட வரைபடத்தை எண்ணிப் பாருங்கள். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்க முடியாது, அணுக்கள் எங்கே இடித்துக்கொள்ளும் என்று விலக்கி விலக்கிப் போட்ட படம் அது. பெரும்பகுதி வெற்றிடம். இன்றைக்கும் ஒரு புரத அமைப்பு சரியா என்று பார்க்க உலகம் முழுக்க அந்த வெற்றிடத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நாம் டாக்கிங்குக்கு இறக்கிக்கொள்ளும் புரதக் கோப்பு ஒவ்வொன்றுக்கும் அந்தப் படம் உண்டு. நம் ஊர் ஆய்வகத்தில் பிறந்தது.

வந்துவிட்ட கட்டுரைக்குத் திருத்தம் எழுதி வைத்திருக்கிறேன். நான்கே வரி. சிஸ்பிளாட்டின் டிஎம்எஸ்ஓவில் கரைக்கப்பட்டதால் அந்த ஒப்பீட்டைக் கணக்கில் கொள்ள வேண்டாம் என்றும், இயல்பான உயிரணு என்று குறிப்பிட்டது ஹீலா வழி வந்த உயிரணு என்றும் சொல்கிறது. இதழுக்கு அனுப்ப எல்லா இணை ஆசிரியர்களின் ஒப்புதலும் வேண்டும். ஐந்து பேரில் மூன்று பேர் சரி என்று பதில் போட்டுவிட்டார்கள், அதில் என் நெறியாளரும் ஒருவர். இருவரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. நாளைக்குத் திரும்பவும் போன் செய்கிறேன்.

அன்புடன்,
முன்னாள் ஆய்வு மாணவி ஒருத்தி